வராத வண்டியில் வந்தவர்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை, அதற்கப்புறம் உருப்படியாகக் கண்டுபிடித்தது எங்கள் ஆம்புலன்ஸ் தர மதிப்பீட்டுக் குழுவைத்தான். அதன் செயலாளர் அடியேன்.

மாரடைத்து விழுந்தவர் வாசலுக்கு எட்டு நிமிடத்துக்குள் வண்டி போய், வண்டியிலுள்ள 'வந்தாச்சு' பொத்தானை நர்ஸ் அமுக்கினால் நூறு மதிப்பெண். நோயாளி பிழைத்தாரா என்றும் கேட்கலாமென்று யோசித்தோம். படிவத்தில் இடமில்லை.

போன மாதம் ஒரு தையல்காரர், நாலாவது மாடியில், தைத்துக்கொண்டிருந்த மெஷின் மேலேயே சாய்ந்தார். லிஃப்ட் பழுது. வண்டி நின்றதுதான் தாமதம், நர்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவிட்டார். பொத்தானைத் தொடவில்லை!

விசாரணை வைத்தோம்.

"பொத்தானை அமுக்கினீங்களாம்மா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க சார். நெஞ்சை அமுக்கிட்டிருந்தேன். பதினோரு நிமிஷம். ரெண்டு தடவை ஷாக் கொடுத்தப்புறம்தான் துடிப்பு வந்துச்சு."

"அது உங்க சொந்த ஆர்வம். பதிவேட்டுப்படி வண்டி போகவே இல்லை."

சாட்சிக்கு வந்திருந்த தையல்காரர் எழுந்தார். "சார், நான் உசிரோட நிக்கிறேனே!"

"நிக்கறீங்க, சரி. எந்த ஆதாரத்துல நிக்கறீங்க?"

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இவர் மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சுங்க. இந்தப் பொண்ணு மட்டும் வரலேன்னா..."

"அம்மா, அழுகைக்குப் படிவத்துல கட்டம் கிடையாது."

நர்ஸைக் கிடங்குக்கு மாற்றினோம், பஞ்சு எண்ண. அவர் கதவருகே திரும்பி, "வேளாவேளைக்கு மாத்திரை போடுங்கண்ணா" என்று தையல்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தேன்.

கண்டிப்புக்குப் பலன் உடனே தெரிந்தது. இந்த மாதம் இருபது அழைப்புகள். இருபதிலும் முதல் வேலையாகப் பொத்தான். மற்றதெல்லாம் அப்புறம். இருபதுக்கும் நூற்றுக்கு நூறு! மேலிடம் எங்களுக்குக் கேடயம் அறிவித்தது.

விழாவில் 'பயனாளிகள்' என்று அட்டை ஒட்டி, முதல் வரிசையில் இருபது நாற்காலிகள் போட்டோம். அழையாமலே வந்த தையல்காரர் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். மீதி காலி.

தலைவர் மேடையிலிருந்தே என் காதைக் கடித்தார். "என்னய்யா, அழைப்பிதழ் ஒழுங்கா அனுப்பலையா?"

இருபதும் என் கையால் எழுதியவை. விலாசம் ஒன்றும் தப்பவில்லை. பெயர்களுக்குத்தான் உயிரோடு ஆளில்லை.