சைமன் பேரில் வந்திறங்கிய துரியன்

விசாகப்பட்டினத்தில் இருக்கும் மச்சான் சைமனுக்கு, ராயபுரத்திலிருந்து பாஸ்கல் சொல்லச் சொல்ல மாடி வீட்டு சபீஹா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர உனக்கு வேறு குறை இருக்கக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் சுகத்தைக் கேட்காதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்றும் கேட்காதே. போனில் பேசினால் எவனாவது கேட்டுக்கொண்டிருப்பான்.

எண்ணூர் ஆற்றில் எண்ணெய் மிதந்து கூழைக்கடாவெல்லாம் காக்கா மாதிரி கறுத்துப்போன வருஷம், புயலில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதே, அதே வருஷம்தான் என் மருமகள் ரூத்துக்கு இந்த யோசனை வந்தது. மலேசியாவிலிருந்து துரியன் பழக்கூழை உறைய வைத்து டப்பாவில் இறக்கினால் தின்றால் பிள்ளை உண்டாகும் என்று குழந்தை இல்லாதவர்கள் தேடி வந்து வாங்குவார்களாம். லைசென்சுக்கு ஒரு பேர் வேண்டும். என் மகன் பென்னி ரயில்வேயில் இருப்பதால் அவன் பேரில் கூடாது. ரூத்துக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர். "நைனா, நம்ம வூட்ல வில்லங்கம் இல்லாத பேரு உன்னுது ஒண்ணுதான்" என்றான் பென்னி. அது உன் பேர் என்று எப்படிச் சொல்வேன்?

ஆந்திராவில் பெரிய புயல் அடித்த வருஷம் நீ விசைப்படகு வேலைக்குக் கிளம்பும்போது, உன் ஹார்பர் பித்தளைப் பில்லையை என் சட்டையில் குத்திவிட்டு, "ஒரு மாசம் என் பேர்ல மூட்டை தூக்கு மாமு, வந்துர்றேன்" என்றாய். முப்பத்துமூன்று வருஷம் தூக்கினேன். பில்லையிலிருந்து ரேஷன் கார்டு, அதிலிருந்து ஆதார், பென்ஷன் என்று உன் பேர் என் மேல் ஏறிக்கொண்டே போனது. உன் தங்கச்சி சிலுவையம்மாள் சாகும்வரை ரேஷன் கடையில் அண்ணன் பேரைப் புருஷன் பேராகச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மாமாவுக்கும் உனக்கும் ஒரே பேரா?" என்று பென்னி சின்ன வயசில் கேட்டபோது, இந்தப் பக்கம் அந்தப் பேர் மலிவு, பாஸ்கல் வீட்டுப் பேர் என்று சமாளித்தேன்.

இப்போது உன் பேரிலேயே சரக்கு ஹார்பருக்கு வந்துவிட்டது. கஸ்டம்ஸில் சைமன் நேரில் வர வேண்டும் என்றார்கள், போனேன். அதிகாரியின் மெஷினில் பெருவிரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிகிறது.

"ரேகையே இல்லியே பெரியவரே, எங்க போச்சு?"

"உங்க ஹார்பர்லதான் சார் போச்சு. சாக்கு தூக்கித் தூக்கித் தேஞ்சிச்சு."

சிரித்தார். சிரிக்கிற அதிகாரியைக் கண்டாலே எனக்குப் பயம். "மையில உருட்டினா கொஞ்சம் விழும். வேலைக்குச் சேர்ந்தப்ப போட்டோ ஒட்டி ரேகை எடுத்திருப்பாங்களே, அந்தப் பக்கத்தோட நகலை வியாழக்கிழமை கொண்டாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா சரக்கு உங்களுது."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீங்க யாருன்னு பாக்கணும்."

அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். அந்தப் பக்கத்தில் இருப்பது உன் முகம், உன் விரல். நான் யாரென்று பார்த்தால் பென்ஷன் போகும், புழல் ஜெயிலில் போடுவான். சரக்கை எடுக்காவிட்டால் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்களாம், ரூத்தின் நகையெல்லாம் அதில் கிடக்கிறது. தெருவில் போலீஸ் வண்டி திரும்பினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறேன். பூனை என்று நினைத்து அவள் துடைப்பத்தால் குத்துகிறாள்.

ஆகையால் ரயில் ஏறி வா. நீயே சைமனாக நின்று பெருவிரலை வைத்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம். அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டாரே என்று சபீஹா குறுக்கே கேட்கிறாள். கிழவர்களை எவன் உற்றுப் பார்க்கிறான்? மாஸ்க் போட்டுக்கொள்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உன்னையும், முக்கியமாக உன் வலது பெருவிரலையும் காப்பாளாக.

இப்படிக்கு,
சைமன் என்கிற பாஸ்கல்

பி.கு.: நீ வர வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது ரூத் ஹார்பர் ஆபீசிலிருந்து பதிவேட்டு நகலோடு வந்துவிட்டாள். "இன்னா மாமா, போட்டோல இம்மாம் பெரிய மீசை வெச்சிகினு கீறீங்க?" என்றாள். எட்டிப் பார்த்தால் அது உன் முகமே இல்லை. ரேகை எடுத்த அன்றைக்கு நீ மஞ்சள்காமாலையில் படுத்திருந்தாய், இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. உனக்குப் பதிலாக வேறொருத்தனை வரிசையில் நிறுத்தியிருக்கிறாய், அதையும் என்னிடம் சொல்லவில்லை. இனி வேண்டியது அந்த மீசைக்காரனின் பெருவிரல். நம் கேங்கில் குமாரவேலை மூலக்கொத்தளத்தில் புதைத்தாயிற்று, தமீம் போன ரம்ஜானுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். நம் இரண்டு பேரை விட்டால் இன்னும் உயிரோடு, அந்த மீசையோடு காத்திவாக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒருத்தன்தான், பீம்ராவ்.