பஹ்ரைனில் நான் ஆடிய ஒரே ஃபுட்பால்

வளைகுடாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்திருப்போம். நான் சொன்ன பொய்யில் ஒரு விசேஷம், அது பொய் என்று எனக்கே தெரியாது.

இரண்டாயிரத்துகளின் நடுவில் பஹ்ரைனில் ஓர் உள்ளரங்கத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஒரு தொழில்முறை ஃபுட்பால் டீம் ஒரு சீசன் முழுக்க எங்கள் அரங்கில் ஆட வந்தது. சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிய கோச், "ஃபுட்பால் தெரியுமா?" என்று கேட்டார்.

"ஊர் டீமுக்கு ரைட் விங் சார்."

உடனே சேர்த்துக்கொண்டார்.

பெட்டியைப் பிரித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பந்தெல்லாம் மாங்காய் மாதிரி இருந்தது. கப்பலில் நசுங்கிவிட்டது என்று நினைத்து, 'பன்னிரண்டு பந்து, பன்னிரண்டும் டேமேஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோச் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். (சம்பளம் கொடுக்கிறவர் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்து வைத்தேன்.) பயிற்சி நேரமெல்லாம் கஸ்டம்ஸுக்கும் லாண்டரிக்கும் அலைந்ததில், ஆட்டத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

முதல் மேட்சுக்கு ஜமால் காக்காவை (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) அழைத்திருந்தேன். குதைபியாவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அவர் தங்கச்சியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எப்படி என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவருடையது. நானோ 'டீம் ஆபீசர்' என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவரை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, டீம் கோட்டை மாட்டிக்கொண்டு, மெத்தை வைத்துக் கட்டிய மைதானச் சுவரோரம் கம்பீரமாக நின்றேன்.

விசில் ஒலித்தது. எங்கள் ஆள் ஒருவன் பந்தைப் பிடித்து, கையிலேயே வைத்துக்கொண்டு ஓடினான். மறு நொடி இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து மோதினார்கள். எங்கள் ஊர் மேட்சுகளும் அடிதடியில் முடிந்ததுண்டு. ஆனால் அதற்கு ஒரு கோலாவது விழ வேண்டும். இங்கே பத்து நொடிகூட ஆகவில்லை. விலக்கிவிட ஒருத்தரும் வரவில்லை. கோச் வேறு கைதட்டுகிறார். மனசு கேட்கவில்லை. சுவரைத் தாண்டிக் குதித்தேன்.

"கலாஸ் பாய், கலாஸ்" என்று அரபியில் 'போதும்' சொன்னபடி மலை மாதிரி ஒருவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தேன். அவன் எங்கள் டீம்காரன். பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி உண்டாக்க எதிராளியைத் தடுத்துக்கொண்டிருந்தவன். (அமெரிக்காவில் ஃபுட்பால் என்றாலே பந்தைக் கையில் பிடித்து ஓடி மோதுகிற ஆட்டமாம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.) பந்துக்காரன் எப்படியோ நழுவிப்போய் எல்லையைத் தொட்டுவிட்டான். அரங்கமே அதிர்ந்தது. ரெஃப்ரி ஒரு மஞ்சள் துணியைத் தரையில் போட்டார். பாவம், கைக்குட்டை விழுந்துவிட்டது என்று எடுத்து, தூசி தட்டி, அவர் கையிலேயே கொடுத்தேன்.

அந்தத் துணி, நான் உள்ளே குதித்ததற்காக எங்களுக்கு எதிரான ஃபவுலாம். கிடைத்திருந்த ஆறு பாயிண்டும் ரத்து. மேட்சில் நான்கு பாயிண்டில் தோற்றோம். அந்தக் கணக்கு எனக்கே புரிந்தது.

"உங்கள் ஊரில் என்னதான் விளையாடினாய்?" என்றார் கோச்.

"காலால் உதைக்கிற ஃபுட்பால் சார்."

"நாளையிலிருந்து பயிற்சியை உட்கார்ந்து பார்" என்றார். வேலை தப்பியது. அதன்பிறகு ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் அந்த மலை நேராக என்னிடம் வந்து, தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்கும். சீசன் முழுக்க மூன்று மேட்ச் ஜெயித்தோம். மற்ற தோல்விகளில் எனக்குப் பங்கில்லை.

அந்த முதல் மேட்ச் முடிந்ததும், வெளியே ஜமால் காக்கா காத்திருந்தார்.

"தம்பி, அது சண்டை இல்லையா?"

"இல்லையாம் காக்கா. அதுதான் ஆட்டமாம்."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது காக்கா."

சம்பந்தம் அவ்வளவுதான் என்று ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அந்த வாரமே அவர் ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாராம்: "ஆபீசரெல்லாம் இல்ல. ஆனா யானை யானையா ஆளுங்க அடிச்சுக்கிறாங்க, எல்லாரும் கைதட்டுறாங்க, இவரு ஒருத்தருதான் விலக்கிவிடப் போனாரு. நம்ம வீட்டுச் சண்டைக்கு இப்படி ஒரு ஆளுதான் வேணும்."

நிக்காஹ் நடந்தது. இப்போதும் பெருநாளைக்கு எல்லாரும் கூடினால் மச்சான் இந்தக் கதையை எடுத்துவிடுவார். வருஷத்துக்கு வருஷம் யானைகள் கூடிக்கொண்டே போகின்றன. போன பெருநாளில் ஒருவனைத் தூக்கிச் சுவருக்கு வெளியே வீசிவிட்டேன். நான் ஏதாவது மறுப்பேனா என்று மனைவி என் முகத்தையே பார்த்தாள். நான் இன்னும் கொஞ்சம் பிரியாணி கேட்டேன்.