தண்ணீர் புகாத கொம்பியூட்டர்

எனக்கு ஒரு குறை உண்டு. பழுதான பொருளை எறிய மனம் வராது, திருத்தவும் தெரியாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை, யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் கரம்பொனில் எங்கள் வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம்.

என் மனைவி ஜெசிந்தா கணிதம் படிப்பிப்பவள். தினமும் யாழ்ப்பாணம் போய் ஒரு தனியார் வகுப்பில் நின்றுவிட்டு, பஸ்ஸிலும் நின்றபடியே கால் வீங்கி வருவாள். நோர்வேயில் இருக்கும் எங்கள் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இணையத்தில் படிப்பிக்கும் வேலை ஒன்று கிடைக்கும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டவேண்டும். சரிவந்தால் பஸ்ஸை மறந்துவிடலாம்.

கொம்பியூட்டர் இருந்தது. அதன் கேசிங்தான் (எல்லாவற்றையும் மூடியிருக்கும் தகரப் பெட்டி) பிரச்சினை. உப்புக்காற்றில் துருப்பிடித்து மூடி நிற்காமல், வலை கட்டும் நைலோன் நூலால் கட்டி வைத்திருந்தோம். கொம்பியூட்டரைப் போடும் பொத்தான் உள்ளே விழுந்துவிட்டதால் பேனாவால் குத்தித்தான் உயிர் கொடுப்போம்.

"புதுக் கேசிங் ஒண்டு வாங்குவம். நான் கொம்பியூட்டர் கடையைத் தாண்டித்தானே ஒவ்வொரு நாளும் வாறனான்" என்றாள் ஜெசிந்தா.

"உள்ளுக்க எல்லாம் நல்லா இருக்கேக்க, தகரத்தை ஏன் மாத்துவான்? நீர் பேசாம இரும். நான் பாக்கிறன்."

நான் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவன். படகு வெடித்தால் எங்கள் வீட்டில் படகை மாற்றுவதில்லை, வெடிப்பை அடைப்போம். ஆகவே கேசிங்கை உள்ளே இருந்தவற்றோடு அப்படியே தூக்கிக்கொண்டு, ஃபைபர் படகு திருத்தும் பிலிப் அண்ணையிடம் போனேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உப்புக்காத்து எதுக்குள்ளால போகுது?"

காற்றோட்டத் துளைகளைக் காட்டினேன். (அவை வேண்டுமென்றே விடப்பட்டவை என்று எனக்குத் தெரியும். அண்ணையின் முகத்தில் இருந்த உறுதியைக் கண்டதும் தெரியாமல் போய்விட்டது.)

"இவ்வளவு ஓட்டையோ? இதைச் செய்தவன் கடலைக் கண்டிருக்கமாட்டான்" என்றார்.

நார்த்துணியும் ரெசின் பசையும் வைத்து, வயர் போகும் இடங்களை மட்டும் விட்டு, எல்லாவற்றையும் அடைத்தார். மூடியையும் சேர்த்து ஒட்டினார். பொத்தானுக்குப் பதிலாக ஒரு வாசல் மணிப் பொத்தான். மேலே நீலப் பெயின்ற். பெயர் எழுதாமல் எதையும் கொடுத்துப் பழக்கமில்லாததால், பக்கவாட்டில் வெள்ளையில் 'அந்தோனியார் துணை' என்றும் எழுதினார். வீட்டில் பத்து நிமிடம் போட்டுக் காட்டினேன். வேலை செய்தது.

"காத்து எதால போகும்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"உப்பு வராது" என்றேன். கேட்டதற்கு அது பதிலில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை சேலை கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். திரையில் மூன்று பெற்றோர். பின்னக் கணக்கைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டேன் (பெட்டியைப் பற்றி). கால் மணித்தியாலத்தில் ரெசின் மணத்தது. திரை இருண்டது. மணியை அழுத்தினேன், வந்தது, போனது. திறந்து ஆறவிடலாம் என்றால் திறக்க மூடியே இல்லை. ஓலை விசிறியை எடுத்து, நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்கு வெளியிலிருந்து விசிறினேன்.

அவள் கைத்தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள்: "அடுத்த தவணைக்குப் பாப்பம், டீச்சர்."

ஜெசிந்தா என்னை ஏசவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போலப் பஸ்ஸுக்குப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிலிப் அண்ணையிடம் அரை நாள் யோசனை கேட்ட நான், அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து உழைக்கப்போகிறவள் சொன்னதைக் காதில் போடவில்லை. என் வீம்புக்கு ஒரு தவணை முழுக்க அவளுடைய கால்கள் வீங்கின.

அண்ணையே வந்து பெட்டியை இரண்டாக அரிந்து திறந்தார். உள்ளே எல்லாம் தப்பியிருந்தன. புதுக் கேசிங்கை அவளே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். எங்கு பார்த்தாலும் துளை. ஒன்றையும் நான் அடைக்கவில்லை. அடுத்த தவணை அவளுக்கு வேலை கிடைத்தது.

புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறாள், கடைசியில் பெட்டி கடலில் மிதந்தது என்று தானே ஒரு வாலும் சேர்த்து. கோயில் திருநாளுக்கு நோர்வேயிலிருந்து வருகிற பிள்ளைகள் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்: "அங்கிள், அது கடலில மிதந்ததோ?"

இரண்டாக அரிந்த பெட்டி எங்கே மிதக்கும்? பக்கத்தில் ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

"ஓம், நல்லா மிதந்தது" என்கிறேன்.