விரல் நீட்டாத தாலா

பொம்மையைக் காணோம்.

சிவப்பு அங்கி போட்ட, சாண் உயரத் துணிப்பொம்மை. சோதனையின்போது திரைக்கு மேலே அது எட்டிப் பார்க்கும். குழந்தை விரல் நீட்டும். கல்லூரி மாணவி ஜோவெலின் படிவத்தில் குறிப்பாள். விரல் நீட்டினால், 'நான் பார்த்ததை நீயும் பார்' என்று நினைக்கிற மனம் அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்பது குழந்தைகள் முடிந்தன. பத்தாவது, பதிமூன்று மாதத் தாலா. நாலு மணிக்குள் படிவம் கல்லூரிக்குப் போகாவிட்டால் பட்டம் இல்லை. மீன் கூடை சுமந்த குடும்பத்தில் முதல் பட்டம் அது.

பிலிப்பைன்ஸின் செபுத் தீவு மதியத்தின் கடல் வெளிச்சம் தகரக் கூரைக்கடியில் புகுந்து வீட்டையே மீன்தொட்டி ஆக்கியிருந்தது. அதற்குள் நீந்துவதுபோல் மெதுவாகத் தேடினார்கள்.

"எங்கக்கா வச்சீங்க?"

"பெருக்கும்போது கீழ கெடந்ததையெல்லாம் தூக்கி மேல வச்சேன். என் மூக்குக்கண்ணாடி ஒடஞ்சு ஒரு வாரமாச்சு, எங்கன்னு எனக்கென்ன தெரியும்?" தாலாவின் அம்மா மரிஃபே உதட்டைக் குவித்து அலமாரியைக் காட்டினாள். "அங்க பாத்தியா?"

"பாத்தாச்சு." ஜோவெலின் உதட்டைக் குவித்துக் கட்டிலடியைக் காட்டினாள். "அங்கயும்தான்."

அம்மாவின் இடுப்பிலிருந்த தாலாவும் உதட்டைக் குவித்தாள்.

"முத்தம் கேக்குறா!" மரிஃபே கொடுத்தாள். தாலா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குவித்தாள். ஜோவெலினும் ஒன்று கொடுத்தாள். தாலா வீறிட்டாள்.

பால் கொடுத்தார்கள். துப்பினாள். பொம்மைக்குப் பதிலாகத் திரைக்கு மேல் செருப்பை ஆட்டினார்கள். திரும்பவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவலை இரவல் வாங்கி வந்தார்கள். அது திரையைக் கிழித்து, சோதனையைப் படமெடுக்க வைத்திருந்த கேமராவைக் கவிழ்த்து, ஜன்னல் வழியே போய்விட்டது.

"என் சேவல் எங்கடி?" என்று அதன் சொந்தக்காரர் வந்து நின்றார்.

தாலா எதையும் கண்டுகொள்ளவில்லை. மூலையில் பூமாலைகளுக்குள் மங்கலாகத் தெரிந்த சாமி பீடத்தைப் பார்த்து உதட்டைக் குவித்தபடி இருந்தாள்.

"ஐயோ, குழந்தை இயேசுவுக்கு முத்தம் குடுக்குறா!" மரிஃபே முழந்தாளிட்டாள். அண்டை வீட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். சேவல்காரர்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

மூன்று ஐம்பது.

"பக்தியெல்லாம் அப்புறம் வச்சுக்கடி. ஒரே ஒரு வெரல் நீட்டு, கண்ணு" என்று ஜோவெலின் தாலாவிடம் கெஞ்சினாள்.

தாலா உதட்டைத்தான் நீட்டினாள்.

எந்தக் குளிர்தேசத்துக்காரன் எழுதிய படிவமோ, விரலுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. ஜோவெலின் 'சுட்டவில்லை' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'பிறர் மனம் பற்றிய உணர்வு: இன்னும் இல்லை.'

அவளை ஏற்றிப்போக வந்த முச்சக்கர வண்டிக்காரர் பெர்டோ வாசலில் நின்று பார்த்தார்.

"என்னம்மா, வீட்டுல ஜெபமா?"

"பொம்மையக் காணோம்ண்ணே. தேடித் தேடிச் சாகுறோம். இவ வேற ஒரு மணி நேரமா முத்தம், முத்தம்னு உசிர வாங்குறா."

பெர்டோ குழந்தையைப் பார்த்தார். அது பார்த்த திசையைப் பார்த்தார். பிறகு தானும் உதட்டைக் குவித்து அதே மூலையைக் காட்டினார்.

"முத்தமா? அது நம்மூருப் புள்ளம்மா, எங்கன்னு காட்டுது. ஆமா, உங்க பீடத்துல எப்பலேருந்து செவப்பு அங்கி போட்ட குழந்தை இயேசு ரெண்டு பேரு?"