நாற்பதையும் இருபதையும் கலந்தால்

"புதுசு வேண்டாங்க. பழசுதான் வேணும். நல்லா கறுத்ததா ஒரு நாலு லிட்டர்."

கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் பாதியில் நிறுத்தினார். "பழைய ஆயிலைத் தூக்கிப் போடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். எதுக்கு, கதவுக் கீலுக்கா?"

"இன்ஜினுக்கு."

மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது நின்றபடி கேட்கிற கதை இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

வந்தவன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவன். வாசலில் நிற்கும் சிவப்புக் கார் அவனுடைய மாமனாருடையது. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, நிற்கும்போதே ஓடுவது போன்ற தோற்றம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அதன் ஸ்டியரிங்கைத் தொட அவர் மாப்பிள்ளையை விட்டதில்லை. முப்பது வருஷம் லேத் பட்டறையில் நின்றவர். எதையும் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் தேய்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்படிப்பட்டவர் பத்து நாளைக்கு முன்பு திடீரென்று சாவியை நீட்டினார். "வச்சு ஓட்டுங்க. எப்படி ஓட்டினீங்கன்னு ஆயிலே எனக்குச் சொல்லிடும்." காரணம் யாருக்கும் விளங்கவில்லை. இது பரீட்சை என்பது மட்டும் வாத்தியாருக்கு விளங்கியது.

எட்டாம் நாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆயில் குறைவு. வேகமாக ஓடுகிற வண்டிக்குக் கெட்டியாகப் போட வேண்டும் என்று கடைக்காரர் 10W-40 டின்னைக் கொடுத்தார். ஊற்றிவிட்டுத்தான் காரின் கையேட்டைத் திறந்தான். 5W-30 என்றிருந்தது. முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. மாமனாரின் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடுமே என்று கையேட்டை இன்னொரு முறை புரட்டினான்.

வேறு யாராவது என்றால் அதோடு நிறுத்தியிருப்பார்கள். கணக்குத் தெரிந்தவனால் நிறுத்த முடியவில்லை. பத்துக்கும் சைபருக்கும் சராசரி ஐந்து. நாற்பதுக்கும் இருபதுக்கும் சராசரி முப்பது. ஓடிப்போய் 0W-20 வாங்கி, அதே அளவு ஊற்றினான்.

விடை சரியாக வந்தது. அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில்தான் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறி நின்றது. அதிகமானதை வடிக்க, கைக்கு எட்டிய பேசினை அடியில் தள்ளி நட்டைக் கழற்றினான். கொஞ்சம் வரும் என்று நினைத்தான், முழுவதும் வந்தது. பேசினில் மனைவி கரைத்து வைத்திருந்த சோப்புத் தண்ணீரோடு சேர்ந்து நிரம்பி வழிந்தது. வீட்டு வாசலின் வெள்ளைத் தரையில் எருமை படுத்தெழுந்த மாதிரி ஒரு கறை. மனைவி ஜன்னலில் நின்று பார்த்தாள். ஜன்னலைச் சாத்தினாள்.

கடைசியில் சரியான 5W-30 வாங்கிப் புதிதாக நிரப்பினான். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் தேன் நிறம். மாமனார் கொடுத்தபோது மை மாதிரி கறுப்பாக இருந்தது.

"ஆக, சரியாச் செஞ்சதாலதான் மாட்டிக்கிட்டீங்க" என்றார் மெக்கானிக்.

"நாலு மணிக்கு வர்றார்."

"கறுத்த ஆயிலை எந்த இன்ஜின்லயும் நான் ஊத்த மாட்டேன் சார். உண்மையைச் சொல்லிப் பாருங்க. அதுக்கு நம்பர் பாக்க வேண்டாம்."

நாலு மணிக்கு மாமனாரும் மாமியாரும் வாடகைக் காரிலிருந்து கைகோத்தபடி இறங்கினார்கள். இந்த வயசில் இவ்வளவு பிரியமா என்று மகள் கேலி செய்தாள். மாமனார் கறையின் நட்டநடுவில் செருப்போடு நடந்து வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டுவதை மொத்தமாகச் சேர்த்து வைக்கிறார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் தடவித் தேய்த்தார். முகர்ந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்..."

"நீங்க என்ன சொல்றது? விரலே சொல்லுது. நல்லா ஓட்டியிருக்கீங்க." டிப்ஸ்டிக்கை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "கறுத்துப்போயிருக்கு. நான் கொடுக்கும்போதே கறுப்புதான். அது உங்க தப்பில்லை."

டிப்ஸ்டிக்கின் நுனியில் பொன்னிறமாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

குத்திக்காட்டுகிறாரா, மன்னிக்கிறாரா? எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் நல்ல வார்த்தை. சூடான பாத்திரத்தைப் போல, அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான்.

கை கழுவ மகள் அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த மாமியார், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மாப்பிள்ளை, அவருக்குக் கண்ணு மங்கி, கறுப்பும் மஞ்சளும் தெரியாமப் போய் ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப வந்து ஓட்டறதுக்குச் சாவியைத் திரும்பக் கேப்பார், உங்க கையில வண்டி கெட்டுப்போச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லி நீங்களே வச்சுக்கறீங்களா?"