தீவு நானாவும் 'பரவாயில்லை' வாத்தியாரும்

பினாங்குத் தீவை ஆண்டவன் படைத்தான் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் சொல்வார். நான் மறுக்கவில்லை. ஆனால் படைத்த கையோடு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சூலியா தெருவில் சோற்றுக்கடை வைத்திருந்த தீவு நானாவிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பதே அங்கே சாப்பிட்ட எங்கள் எல்லோருடைய கருத்தும். நானாவின் கருத்தும் அதுதான்.

அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம்; வாலிபத்தில் கப்பலேறி வந்தவர். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் போதும், கையிலிருக்கும் கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கிவிடுவார். குழம்பு வருவதற்குள் சங்கு ஊதிவிட்டால் நாங்கள் வெறும் சோற்றைத்தான் பிசைய வேண்டும். அவரோ அங்கே புதிதாக இறங்கிய யாரையாவது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்.

"ஊருக்குப் புதுசா? வாங்கலா! நம்ம தீவைப் பாக்காம எங்க போறீங்க?"

வாடகை மோட்டார் அவர் செலவு, சாப்பாடு அவர் செலவு. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான். பார்த்தவர் வாயைத் திறந்து 'அழகு' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரைத் திருப்பி அழைத்து வர மாட்டார். ரங்கூனிலிருந்து வந்த ஒரு ஜவுளிக்காரர் பல்வலியால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். நானா அவரைக் கடற்கரைக்குக் கடற்கரை இறக்கி ஏற்றி, கடைசியில் அந்த மனிதர் கன்னத்தைப் பிடித்தபடி அழ ஆரம்பித்த பிறகுதான் விட்டார். "மனசு உருகிட்டாரு, பாவம்" என்று எங்களிடம் வந்து சொன்னார்.

மழை வந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. தன் வீட்டு விருந்தில் சோறு குழைந்துவிட்டதுபோல் தவிப்பார். "இன்னைக்குக் கொஞ்சம் மேகம் போட்டுருச்சு, மன்னிச்சுக்குங்க. நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்பார்.

ஆள் கிடைக்காத நாட்களில் அவருக்கு நான் இருந்தேன். கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை முடிந்து வருவேன். "தம்பி அந்தோணி, வா, வா! சூரியன் இறங்குது!" என்று தெருவிலிருந்தே சத்தம் போடுவார். போவேன், பார்ப்பேன், "அழகு நானா" என்பேன். மெய்யாகவே அழகாகத்தான் இருக்கும். நேற்றைய சூரியனைத்தான் இன்றும் பார்க்கப் போகிறான் என்று சோற்றுக்கடையில் என்னைக் கேலி செய்யாதவர் கிடையாது.

இப்படி இருக்கும்போது எனக்குக் கல்யாண யோகம் வந்தது. கடலுக்கு அக்கரையில் உள்ள தைப்பிங்கில் மாதா கோயில் திருவிழாவில் செசிலியை ஒரே ஒருமுறை பார்த்திருந்தேன். அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை குழம்பு இருந்தும் இறங்கவில்லை. சொல்லியனுப்பியதில், பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையைப் பார்க்கத் தாமே வருவதாகப் பதில் வந்தது. அவர் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். பிறந்ததிலிருந்து எதையும் புகழ்ந்து பேசாதவர் என்று தைப்பிங் முழுவதும் பெயர். சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரே வந்து பாட்டுப் பூசை வைத்தபோதும் "பரவாயில்லை" என்றாராம். அதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு.

பெண்ணைப் பெற்றவர் வந்தால் வரவேற்கப் பையன் வீட்டில் ஒரு மூத்தவர் வேண்டாமா? தீவில் எனக்கு யாரும் இல்லை. நானா காதில் இது விழுந்தது.

"யாருமில்லையா? அப்ப நான் யாரு? வேதம் வேறன்னா மூத்தவன் இல்லாமப் போயிடுவேனா? நான் பாத்துக்கறேன் தம்பி. வர்றவருக்கு நம்ம தீவைச் சுத்திக் காட்டிடுவோம்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது.

வாத்தியார் எதிர்க்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, பெர்ரியில் இக்கரை வந்து சேர்ந்தார். கறுப்புக் கோட்டு, குடை, பளபளக்கும் பூட்ஸ். "கடைசிப் பெர்ரிக்குத் திரும்பணும். ஏறும்போது பதில் சொல்றேன்" என்றார். நானா சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, அவர் மூச்சு விடுவதற்குள் மோட்டாரில் ஏற்றிவிட்டார்.

தஞ்சோங் பூங்கா கடற்கரை வந்தது. "எப்படி இருக்கு?" என்றார் நானா.

"பரவாயில்லை."

பத்து பெரிங்கி வந்தது. வெள்ளை மணல், தென்னை, கண் கூசும் நீலம்.

"பரவாயில்லை."

நானாவின் மீசை துடித்ததை நான் பார்த்தேன். தெலுக் பஹாங்கில் ஒரு மலாய் மீனவரிடம் சம்பான் படகைக் கேட்டு வாங்கினார். வாத்தியாரை நடுவில் உட்காரவைத்து, தாமே துடுப்புப் போட்டுக்கொண்டு, காடு கடலைத் தொடும் மூலைக்குக் கொண்டுபோனார். அங்கேதான் அவருடைய குகை இருந்தது. குகை என்பது நானா வைத்த மரியாதைப் பெயர். பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றதில் உண்டான இடுக்கு அது. தண்ணீர் வற்றும்போது மட்டும் உள்ளே போகலாம். ஆனால் சாயங்கால வெயில் உள்ளே விழும்போது, கீழே ஓடும் தண்ணீரின் வெளிச்சம் மேல்பாறை முழுவதும் தங்கமாக ஆடும். யாருக்கும் அவ்வளவு எளிதில் காட்ட மாட்டார்.

உள்ளே போனோம். வெளிச்சம் ஆடியது. நானா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார்.

"பரவாயில்லை" என்றார் வாத்தியார்.

நானா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "அழகுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. கிளம்பிடலாம்."

"பெர்ரிக்கு நேரமாகுது."

"சொல்லுங்க, கிளம்பிடலாம்."

கடல் ஏற ஆரம்பித்தது. வாத்தியாரின் பூட்ஸ் நனைந்தது. பிறகு அது கண்ணுக்குத் தெரியவில்லை. தலைக்குமேல் வௌவால்கள் வேறு நகர்ந்தன. என் கல்யாணம் அந்தத் தண்ணீரில் மிதந்து வெளியே போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். "நானா, உங்களைக் கும்பிடறேன், எழுந்திரிங்க!" என்று கெஞ்சினேன்.

வாத்தியார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கத்தினார். "நான் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? உமக்கு என்னய்யா லாபம்?"

நானாவின் பெரிய குரல் அப்போதுதான் முதன்முதலாகச் சின்னதாயிற்று.

"என் பொஞ்சாதிக்குக் கடல்னா பயம். ஊரோட இருந்துட்டா. இங்க எதைப் பாத்தாலும், 'இங்க வந்து பாரு'ன்னு கூப்பிட எனக்கு ஆளில்லய்யா. அதான் போறவங்க வர்றவங்களைப் புடிச்சுக்கறேன். எல்லாரும் ஒரு தடவை வருவாங்க, போயிடுவாங்க. இந்தத் தம்பி மட்டும்தான் கூப்பிட்டப்பல்லாம் வந்துச்சு. நேத்துப் பாத்ததுதானேன்னு ஒருநாள் சொன்னதில்ல."

வாத்தியார் முழங்கால் தண்ணீரில் நின்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேலே ஆடும் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"என் மகளும் இப்படித்தான்" என்றார். "வானவில் வந்தா கூப்பிடுவா. வாசல்ல குருவி வந்தா கூப்பிடுவா. 'அப்பா, வந்து பாருங்க'ம்பா. நான் எழுந்ததே இல்லை." மறுபடி மேலே பார்த்துச் சொன்னார்: "அழகா இருக்கு."

"என்ன சொன்னீங்க? அலைச் சத்தத்துல காதுல விழல."

"அழகா இருக்குய்யா!"

நானா துள்ளி எழுந்தார். அதற்குப் பிறகு அந்தச் சம்பான் போன வேகத்தில் மோட்டார்கூடப் போயிருக்காது. பெர்ரி சங்கு ஊதும்போது, ஈரக் கால்சட்டையோடு வாத்தியார் படியேறினார். பாதியில் நின்று திரும்பினார்.

"ஈஸ்டர் முடியட்டும், கல்யாணத்தை வெச்சுக்கலாம். அவளுக்குக் கூப்பிட்டா வர்ற ஆள்தான் வேணும்."

நானா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன.

கல்யாணம் முடிந்து செசிலி தீவில் வந்து இறங்கிய அன்று கடைக்கு விடுமுறை. அதே மோட்டார், அதே சம்பான். அவள் துறைமுகத்திலேயே "அழகு" என்று ஆரம்பித்தவள், குகைவரை நிறுத்தவில்லை. "கொஞ்சம் மூச்சு விடும்மா" என்று நானாவே சொல்லும்படி ஆயிற்று. அன்று அவர் கண் கலங்கியிருந்தது. கடல்காற்று என்றார்.

நானா இப்போது இல்லை. கடையை வேறொருவர் நடத்துகிறார். சங்கு ஊதினாலும் குழம்பு நேரத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

தீவின் டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து செசிலி கூப்பிடுகிறாள்: "இங்க வந்து பாருங்களேன்!" மலைமேல் மேகமாக இருக்கும், நேற்றும் அதுதான். எழுதுகோலை வைத்துவிட்டேன். இதோ போகிறேன், நானா.