மதலேனாவின் குதிக்கால்

நினைவுக் கலைஞர் என்றொரு வகையினர் இப்போது வன்னியில் பெருகி வருகிறார்கள். நீங்களும் கண்டிருப்பீர்கள். தோளில் ஒரு கமரா, கழுத்தில் இன்னொன்று, முகத்தில் மட்டும் செத்த வீட்டுக்குப் போய்வந்த களை. கல்யாண வீட்டுக்குப் படமெடுக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் எடுப்பது குடும்பம், நினைவு, கலப்பு அடையாளம். அதற்குக் குடும்பத்துக்கு எங்கே போவது? வீட்டில்தான் ஒன்று சும்மா கிடக்கிறதே!

அக்கராயனில் வயல் செய்யும் செல்வநாயகத்துக்கும் நாயாற்றுக் கரையில் பிறந்த மதலேனாவுக்கும் இப்படியொரு கலைஞர் மகனாக வாய்த்தார். பெயர் மதுசன். தகப்பன் வழியில் பிள்ளையார், தாய் வழியில் மாதா. இரண்டு சாமிக்கும் வீட்டில் ஒரே சாமித்தட்டு, ஒரே விளக்கு. மதலேனா இதை ஒரு சிக்கலாக நினைத்ததே இல்லை. மகன் கொழும்பில் ஏதோ கலைப் பட்டறைக்குப் போய்வந்த பிறகுதான், இத்தனை காலமும் தான் பெரிய சிக்கலுக்குள் குடித்தனம் நடத்தியிருப்பது அவளுக்குத் தெரியவந்தது.

"அம்மா, நான் ஒரு இடைவெளி" என்றார் கலைஞர்.

"விசர்க்கதை கதையாதை. நீ ஒன்பது றாத்தலிலை பிறந்த பிள்ளை."

ஆனாலும் கமராவைக் கண்டதும் அவளுக்குள் ஓர் ஆசை முளைத்தது. இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கலியாணம் கட்டியவர்கள் அவர்கள். கலியாணப் பதிவு எழுத்து முடிந்த கையோடு ஸ்ரூடியோவில் எடுத்த ஒரே படம் இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது. இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

"என்னையும் அப்பாவையும் சேத்து ஒரு படம் எடுத்துத் தா, ராசா."

"அதைத்தானே அம்மா செய்யப்போறன்!"

நம்பினாள். நல்ல சேலை உடுத்தி, பவுடர் பூசி, செல்வநாயகத்தின் தலைக்கும் மை அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். கலைஞர் பதறிப்போனார்.

"ஐயோ, இது பொய்! குசினியிலை நிக்கிற உடுப்போடை வாங்கோ. சிரிக்காதேங்கோ. கமராவைப் பாக்காதேங்கோ. பழசை நினையுங்கோ."

"எந்தப் பழசை?" என்றார் செல்வநாயகம்.

"நோகிற பழசை, அப்பா."

அவர் யோசித்தார். போன போகம் வெள்ளத்தில் அழிந்த நெல் நினைவுக்கு வந்தது. முகம் அருமையாக வாடியது. கலைஞர் அந்த நேரம் பார்த்து முகத்தை விட்டுவிட்டுத் தோளை எடுத்தார்.

பிறகு வெள்ளிக்கிழமை வந்தது. சைவக்காரருக்கு அன்று மரக்கறி மட்டும். வேதக்காரருக்கோ இறைச்சிதான் விலக்கு, மீனுக்குத் தடையில்லை. இன்றைக்குக் குசினியில் பண்பாட்டு மோதல் வெடித்தே தீரும் என்று வீடியோவை ஓடவிட்டுக் காத்திருந்தார் கலைஞர். மதலேனா பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள்.

"மீன் இல்லையோ அம்மா?"

"வெள்ளியிலை அப்பா சாப்பிடமாட்டார்."

"உங்களுக்கு அது கவலையில்லையோ?"

"ஏன் கவலை? நாளைக்குச் சனிதானே."

அந்தக் காட்சியைக் கலைஞர் வெட்டி எறிந்துவிட்டார்.

வவுனியாவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். தங்கள் படத்தைப் பார்க்க மதலேனா, செல்வநாயகத்தையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சுவர் சுவராகத் தேடினாள். ஒரு படத்தில் வெடித்த குதிக்கால். செருப்பைக் கொண்டுதான் அது தன்னுடையது என்று கண்டுபிடித்தாள். இன்னொன்றில் ஒரு தோள். நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு, அவர்கள் வீட்டில் உட்காரும் இரண்டு கதிரைகள் ஆளில்லாமல் வெறுமையாக, கீழே 'இல்லாதவர்கள்' என்று தலைப்பு. அதன் முன்னால் ஓர் இளம்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நாங்கள் எதுக்குள்ளை நிக்கிறம்?" என்று மகனைக் கேட்டாள்.

"இதிலைதான் அம்மா. நீங்கள் இல்லாததுதான் இந்தப் படத்தின்ரை உயிர்."

"நாங்கள் இன்னும் சாகேல்லையே, ராசா."

மதலேனாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் கூட வந்தது. சட்டென்று அந்தப் பெண்ணிடம் தன் போனை நீட்டினாள்.

"பிள்ளை, எங்கள் ரெண்டுபேரையும் ஒருக்கா எடுத்துவிடும்."

செல்வநாயகத்தின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு கதிரைகளையும் முதுகால் மறைத்து நின்றாள். "இஞ்சேருங்கோ, வடிவாச் சிரியுங்கோ!" மனுசன் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். படம் கொஞ்சம் ஆடிப்போய்த்தான் வந்தது. அதனாலென்ன? சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டிவிட்டாள். கலைஞரும் வந்து வெகுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆணியின் நிழல் நன்றாக விழுகிறது என்று கமராவைக் கையில் எடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்த கையோடு உங்கள் போனைத் திறவுங்கள். கொத்துரொட்டி இருக்கும், அந்திவானம் இருக்கும், உங்கள் முகம் எல்லாக் கோணத்திலும் இருக்கும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றைத் தேடுங்கள். கிடைக்கவில்லையா? வாழ்த்துகள், நீங்களும் கலைஞர்தான். கண்காட்சி வைப்பதற்கு முன்னால் ஒருதரம் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.